குடிக்காதவனுக்கு வந்த காமாலை

ஷமீமா, அப்பாஸ், நீங்கள் இரண்டு பேரும் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்த வேண்டாம். இப்போது உடம்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பித்தக் குழாயில் வைத்திருக்கிற டியூபை மாற்ற மறுபடி மதுரைக்குப் போவதற்குள் எழுதி முடித்துவிட நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். ஊர் பேசியது முழுசாகத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் கிடந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடித்தது கிடையாது. ஒரு மூடிகூட, விளையாட்டுக்குக்கூட, கல்யாண வீட்டில் யாரும் கையைப் பிடித்து இழுத்தபோதுகூட. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே ஆகிவிட்டது.

நோன்பு மாசத்தில்தான் தொடங்கியது. பகலெல்லாம் தண்ணீர் கிடையாது, ராஜபாளையத்து வெயில் வேறு. சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனது. நோன்பும் சூடும் என்று விட்டுவிட்டேன். பிறகு உடம்பு அரித்தது. நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம். பஞ்சு பறந்துகொண்டே இருக்கும், நூலில் கஞ்சி இருக்கும். அரிக்காமல் என்ன செய்யும்? எங்கள் தறிக்கூடத்தில் அரிப்புக்கு டாக்டரிடம் போனவன் ஒருத்தனும் கிடையாது. போனால் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து நன்றாகத் தேய்த்துக் குளிப்போம், அவ்வளவுதான். நானும் குளித்தேன், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அரிப்பு தோலில் இல்லை என்று அப்போது எனக்கு யார் சொல்வது?

கை மஞ்சளானதும் எனக்குத் தெரியவில்லை. அதற்கும் தொழில்தான் காரணம். பேண்டேஜ் துணி தறியிலிருந்து இறங்கும்போது வெள்ளையாக இருக்காது, பழுப்பாக இருக்கும், காடா என்போம். வெளுத்து வந்த பிறகுதான் அது ஆஸ்பத்திரி வெள்ளை. நாள் முழுக்கப் பழுப்பின் மேலேயே கை வைத்திருக்கிறவனுக்குத் தன் கை நிறம் மாறினது எப்படித் தெரியும்? ஒருநாள் மடிப்புப் பகுதியில் ஆள் குறைவு என்று என்னை உட்கார வைத்தார்கள். வெளுத்த துணியை நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த பேச்சியம்மா என் கையையே பார்த்தாள்.

“ஏண்ணே, மயினி மஞ்ச தேச்சுக் குளிப்பாட்டி விட்டாகளோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “அண்ணே, கண்ணும் மஞ்சளா இருக்கு. வீட்டுக்குப் போங்க” என்றாள். வெள்ளைத் துணியின் மேல் என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். யாரோ ஒருத்தருடைய கை மாதிரி இருந்தது.

காமாலை என்றால் நம் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். அது உங்களுக்கும் தெரியும். உங்கள் காதர் மாமு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பழக்கடையைக்கூடச் சாத்திவிட்டு வந்துவிட்டார். “மாப்ள, காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடையாது. இலை மருந்து ஒண்ணுதான். விடியுமுன்ன கெளம்பணும், பச்சத் தண்ணிகூடப் பல்லுல படப்பிடாது” என்று சொல்லி மலையடிவாரத்தில் ஓர் ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒருவர் இலையை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது. நோன்பு விட்டுப்போயிற்று. பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கிவந்து நீங்கள் குடித்தீர்கள். எனக்கு உங்கள் அம்மா தனியாக உப்பில்லாக் கஞ்சி காய்ச்சினாள். நான் ஒருவன் மட்டும் சப்பென்று சாப்பிடக் கூடாது என்று அவளும் உப்பில்லாமலே குடித்தாள். அவளுக்கு அது நோன்பு திறக்கிற நேரம். நாளெல்லாம் காய்ந்த வயிறு. நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

மஞ்சள் இறங்கியது. அதுதான் என்னைப் பிடித்த சனியன். இறங்காமல் இருந்திருந்தால் அப்போதே டாக்டரிடம் போயிருப்பேன். பித்தக் குழாயில் சிக்கியிருந்த ஒரு சின்னக் கல் தானாக நகர்ந்ததால் இறங்கியிருக்கும் என்று மதுரை டாக்டர் பிறகு சொன்னார். அப்போது யாருக்குத் தெரியும்? இலைதான் இறக்கியது என்று நானே தறிக்கூடத்தில் நாலு பேருக்குச் சொன்னேன். அதில் ஒருவர் தன் தம்பியை அங்கே கூட்டிப்போனார். அவர் தம்பிக்கு என்ன ஆனது என்று இன்றுவரை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பக்ரீதுக்கு முன்னால் மறுபடி வந்தது. இந்தத் தடவை வலது விலாவுக்குக் கீழே வலி, அரிப்பு இரண்டு மடங்கு. மறுபடி அதே ஊர், அதே இலை. மருந்து கொடுத்தவர், “மருந்து ஒடம்புல ஓடுதப்ப ஊசி கீசி போட்றாதீக, முறிஞ்சிரும்” என்றார். திரும்புகிற வழியில் காதர் மாமு வீட்டில் இறங்கினோம். அங்கே குளிர் வந்தது. குளிர் என்றால் போர்வைக்கு அடங்குகிற குளிர் இல்லை. கட்டில் கால் தரையில் கடகடவென்று அடித்தது. காய்ச்சல் ஏறி நான் பிதற்றினேன். மாமு ஊசி போடக் கூடாதே என்று தலைமாட்டில் நின்று தவித்தார். அவர் நல்ல மனசுக்காரர், அதனால்தான் அத்தனை நேரம் தவித்தார். கடைசியில் மாமிதான், “முறிஞ்சா முறியட்டும், மனுசன் சாகப் போறாரு” என்று சத்தம் போட்டு ஆட்டோ பிடித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை, அது வேண்டாம். ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கினார்கள், அதற்கு நன்றி. வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். தொண்டை வழியாகக் கேமரா விட்டும் பார்த்தார்கள். மண்ணீரல் வீங்கி இடது பக்கம் முழுக்க அடைத்திருக்கிறது, உணவுக் குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து நிற்கின்றன என்றார்கள். வெடித்தால் ரத்த வாந்திதானாம். ஈரலுக்குப் போகிற ரத்தக் குழாயில் அழுத்தம் கூடினால் இப்படியெல்லாம் ஆகும். அழுத்தம் ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு அவர்களிடம் ஒரே ஒரு பதில் தயாராக இருந்தது.

காலையில் ரவுண்டு வந்த சின்ன வயது டாக்டர், வார்டு நடுவில் நின்று கேட்டார்.

“எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?”

“குடிச்சதே இல்ல சார்.”

“எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க. உண்மையச் சொன்னாத்தான் வைத்தியம்.”

“அல்லா மேல ஆணையா இல்ல சார்.”

“சத்தியமெல்லாம் எங்கிட்ட எதுக்கு? உங்க ஈரல்கிட்டப் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பின்னால் வந்த நர்சுகள் சிரித்தார்கள். அடுத்த கட்டிலில் இருந்தது நம் தெரு சிராஜின் அத்தா. சிராஜ் ஆரஞ்சு உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பாவம் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று மாலை காதர் மாமு கட்டிலில் உட்கார்ந்து என் காதோடு காதாகச் சொன்னார்: “மாப்ள, எங்கிட்ட மட்டும் சொல்லிருங்க. நான் எந் தங்கச்சி ரஹ்மத்துகிட்டகூடச் சொல்ல மாட்டேன்.” பெண்ணைக் கொடுத்த வீட்டில், இத்தனை வருஷம் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்ட மனுசன். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அதையும் அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

அழுத்தம் குறைய மாத்திரை கொடுத்து, குடியை விட்டால் சரியாகும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு பழக்கம் இருந்தால் விடலாம். இல்லாததை எப்படி விடுவது?

நான் வருவதற்குமுன் அந்தப் பேச்சு ராஜபாளையம் வந்து சேர்ந்துவிட்டது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து முசாஃபஹா செய்யும்போது கையைக் கொடுத்துவிட்டு முகத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்கள். மோப்பம் பிடிக்கிறார்கள் என்று எனக்கு மூன்றாவது ஆளிடம்தான் புரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து நான் வீட்டிலேயே தொழுதேன். அதற்கும் ஒரு அர்த்தம் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் அம்மா மட்டும் அசையவில்லை. குழாயடியில் யாரோ ஜாடையாகப் பேசியதற்கு, “நான் பக்கத்துல படுக்கவ. அந்த வாடை எம் மூக்குக்கு வராம ஒங்க மூக்குக்கு எப்புடி வந்துச்சு? ஒங்க வீட்டு ஆம்பள வாயை மோந்துட்டு வந்து எங்கிட்டப் பேசுங்க” என்று கேட்டிருக்கிறாள். ஷமீமா, நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

அந்த நாட்களின் அரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பித்தம் குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்தில் கலந்தால் உடம்பு முழுக்க அரிக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். சொறிந்தாலும் அடங்காது, ஏனென்றால் அரிப்பு இருக்கிற இடத்துக்கு நகம் போகாது. உங்கள் அம்மா சீப்பை வைத்து என் முதுகை வாரிவிடுவாள். வாரிக்கொண்டே தூங்கிப்போவாள், சீப்பு என் முதுகிலேயே நிற்கும். ஷமீமா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் நகத்தை ஒட்ட வெட்டுவாள். தூக்கத்தில் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்கிறேன் என்று, படுக்கும்போது இரண்டு கையிலும் துணி சுற்றிக் கட்டினாள். தறிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்து போட்டிருந்த வெட்டுத் துணி. “அத்தா, இது நீங்க நெஞ்சதா வேற ஆள் நெஞ்சதா?” என்று கேட்டாள். “நான்தான்” என்றேன். “அதான் இம்புட்டு மெதுவா இருக்கு” என்றாள். அது பொய். எல்லாத் துணியும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அன்றைக்கு நான் தூங்கினேன்.

அப்பாஸ், இப்போது உனக்கு. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்?

பாலிடெக்னிக்கில் உன் சேக்காளி ஒருத்தன், “ஏலே, ஒங்கத்தா அம்புட்டு பெரிய தண்ணிப் பார்ட்டியாம்லா” என்று கேட்டானாம். நீ அவனோடு சண்டை போட்டாய், சட்டை கிழிந்து வந்தாய். கிழிந்ததற்கு என்னிடம் வேறு காரணம் சொன்னாய். நான் சந்தோஷப்பட்டேன், எனக்காகத்தான் அடித்திருக்கிறான் என்று. ஆனால் அதற்குப் பிறகு நீ என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் நீ மாடிக்குப் போனாய். ஒருநாள் மத்தியானம் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்தாய். நான் வேலைக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்தாய். பிறகு சத்தமில்லாமல் மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாய்.

ஊர் மோந்தது எனக்கு வலித்தது. நீ மோந்தபோது வலி என்று சொல்ல முடியவில்லை, ஏதோ ஒன்று கழன்று விழுந்தது போல இருந்தது. நீ கேட்டிருந்தால் போதும். “அத்தா, குடிச்சீங்களா?” என்று ஒரு வார்த்தை. கோபமாகக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் கேட்காமல் பாட்டிலிடம் கேட்டாய்.

மறுபடி குளிர்காய்ச்சல் வந்ததும் உங்கள் அம்மா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பையைக் கட்டி, “மதுரைக்குப் போறோம், எந்திரிங்க” என்றாள். செலவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. காப்பீட்டு அட்டை கொடுத்தது போக மீதியை அவள் காதும் கழுத்தும் கொடுத்தன. அவள் இப்போது வேப்பங்குச்சி போட்டிருக்கிற காதைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கும்.

மதுரையில் காத்திருக்கிற கூடத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம். டிவி ஓடியது, சத்தம் இல்லை. எல்லா முகமும் ஒரே நிறம், மஞ்சளும் பழுப்பும். பக்கத்தில் வயிறு உப்பிய ஒரு மனுசன், மில்லில் வேலை பார்த்தவராம், சிநேகமாகப் பேச்சுக் கொடுத்தார்.

“அண்ணனுக்கு என்ன சரக்கு?”

“நான் குடிக்கிறது இல்லங்க.”

“இப்பம் நானும்தான் குடிக்கல. முன்ன?”

“முன்னயும் இல்ல.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, நம்பிவிட்டார். ஊரில் ஒருத்தரும் நம்பாததை ஒரு குடிகாரர் நம்பினார். “ஏட்டி, இங்க பாரு” என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். “குடிச்ச எனக்கும் இதே டோக்கனு, குடிக்காத இவருக்கும் இதே டோக்கனு. நீ என்னைய வஞ்சதெல்லாம் வேஸ்ட்டு.” அந்த அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு அவர் கொண்டுவந்திருந்த மோரில் எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தார். ஒரே வார்டில் கிடந்தோம். நான் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அவர் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். நான் விசாரிக்கவில்லை.

அங்கே என்னைப் பார்த்தது ஒரு லேடி டாக்டர். அவரும் முதலில் அதையேதான் கேட்டார். எனக்கு வெறுத்துப்போயிருந்தது. “இல்லைன்னு சொன்னா நம்புவீங்களாம்மா?” என்றேன். அவர் வயிற்றை அமுக்கிக்கொண்டே, “நம்புறது என் வேலை இல்லைங்க. பாக்குறது என் வேலை” என்றார். அதற்கு முன்னால் அத்தனை நல்ல பேச்சை நான் கேட்டதில்லை.

அவர் பார்த்தார். எம்.ஆர்.ஐ. என்கிற காந்த மெஷினுக்குள் என்னைப் படுக்க வைத்துத் தள்ளினார்கள். எல்லோரும் அதன் சத்தத்துக்குப் பயப்படுவார்களாம். எனக்கு அது தறி ஓடுகிற மாதிரியே இருந்தது. தடதடவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. நூல் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். வெளியே இழுத்த பையன், “இதுல தூங்குன மொத ஆளு நீங்கதாண்ணே” என்றான்.

எனக்கு என்ன நோய் என்று டாக்டர் சொன்னதை என் வழியில் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடுகிற அன்று பஸ்ஸை மெயின் வழியில் விட மாட்டார்கள் இல்லையா? வண்டியெல்லாம் சந்துக்குள் புகுந்து போகும். சந்து தாங்காது, இரண்டு பக்கத்து வீட்டுச் சுவரிலும் உரசிக்கொண்டுதான் போகும். குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் போகிற பெரிய குழாய் நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அடைத்துவிட்டது. ரத்தம் சந்து வழியாக, சின்னச் சின்ன நாளங்கள் வழியாகப் போகப் பழகிக்கொண்டது. அந்த நாளங்கள் வருஷக்கணக்கில் புடைத்துக்கொண்டே வந்தன. ஈரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாய் அதே சந்தில்தான் இருக்கிறது. புடைத்த நாளங்கள் அதைச் சுற்றிக்கொண்டு நெரித்தன. பித்தம் தேங்கியது, கல் கட்டியது, கிருமி சேர்ந்தது. அதுதான் மஞ்சள், அதுதான் குளிர். ஈரலில் ஒரு கோளாறும் இல்லை.

“சின்ன வயசுல தொப்புள்ல சீழ் வச்சுதா?” என்று டாக்டர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வ.புதுப்பட்டியில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் போட்டோம். அக்கா யோசிக்கவே இல்லை. “ஆமாலே, ஒனக்குத் தொப்புக் கொடி விழுந்த பொறவு புண்ணு ஆறவே இல்ல. அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளி வச்சோம். நானும் வச்சிருக்கேன். காச்சல்ல நீ பொழைக்க மாட்டேன்னு நெனச்சோம். ஏம்லே கேக்க?” என்றாள். தொப்புளில் போன கிருமி அந்த ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்திருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம் என்றுதான் சொன்னார், நிச்சயமாகச் சொல்லவில்லை. அக்காவிடம், “சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆசையாக அள்ளி வைத்த சாம்பலுக்கு யாரைத் திட்டுவது? நீங்களும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக் குழாயின் வாசலைத் திறந்து, கல்லை எடுத்து, பித்தம் இறங்க ஒரு பிளாஸ்டிக் டியூபைச் செருகி வைத்தார்கள். சுற்றிலும் புடைத்த நாளம் என்பதால் கை தவறினால் ரத்தம் கொட்டும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். உணவுக் குழாயில் புடைத்திருந்தவற்றுக்கு ரப்பர் வளையம் மாட்டிக் கட்டினார்கள். அடுத்த சில நாளில் அரிப்பு நின்றது. நின்றதை முதலில் உணர்ந்தது உங்கள் அம்மா. சீப்பை எடுத்துக்கொண்டு வந்தவள், நான் கேட்காமல் தூங்குவதைப் பார்த்துவிட்டு அழுதாளாம்.

டியூப் வைத்தது தற்காலிகம்தான். நெரிக்கிற நாளங்களின் அழுத்தம் குறைய வேண்டும் என்றால் ரத்தத்துக்கு ஒரு புது வழி போட வேண்டும். மண்ணீரலை எடுத்துவிட்டு அதன் ரத்த நாளத்தைச் சிறுநீரகத்தின் நாளத்தோடு இணைப்பது. பெரிய ஆபரேஷன். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அப்பாஸ், நீ அதற்குத்தான் வந்தாய். ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்துவிட்டு, என் கட்டில் பக்கம் வராமல் வராந்தாவில் போய் நின்றாய். கையில் அவர்கள் ஒட்டிய பஞ்சை அமுக்கிக்கொண்டு நீ நின்றதைக் கதவு வழியாகப் பார்த்தேன். ரத்தம் கொடுக்கிறவன் ஒரு வார்த்தை கொடுக்க மாட்டேன் என்கிறானே என்று நினைத்தேன்.

டாக்டர்தான் உன்னைக் கூப்பிட்டார். மூத்த பிள்ளைக்கு விவரம் சொல்ல வேண்டும் என்று படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். என்ன சொன்னார் என்று நீயே பிறகு சொன்னாய்: “இதுதான் உங்க அத்தா ஈரல். நல்ல ஈரல். குடிச்சதால வந்த அழுத்தம் இல்ல இது. அடைப்பு இங்க, ஈரலுக்கு வெளிய. பிறந்த கொஞ்ச நாள்ல வந்தது.” நீ வெளியே வந்து கட்டில் ஓரத்தில் நின்றாய். நாளாகிவிட்டது நீ அப்படி நின்று. “அத்தா, டாக்டர் சொல்லிட்டாங்க” என்றாய். உன் முகம் கோணிக்கொண்டு வந்தது. நான் உன் கையைப் பிடித்தேன். உன்னைத் தேற்றினேன். ஆனால் மனசுக்குள் ஒரு கசப்பு ஊறியது, அது பித்தம் இல்லை. என் வாய் சொன்னது உனக்குப் பொய். என் வயிற்றுப் படம் சொன்னது உனக்கு உண்மை. அந்தப் படத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திராத தகப்பன்கள் என்ன செய்வார்கள்?

ஆபரேஷன் நாட்களை நான் அதிகம் எழுதப் போவதில்லை. மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். கண் விழித்ததும் வயிற்றின் மேல் வெள்ளைத் துணி. எந்தத் தறியில் நெய்ததோ, தையலுக்கு மேல் மெதுவாகத்தான் இருந்தது. மண்ணீரல் இல்லாதவனுக்குக் கிருமி சீக்கிரம் ஒட்டும் என்று முன்பே தடுப்பூசி போட்டிருந்தார்கள். இனி காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் ஓடி வர வேண்டும். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்ன இலை சொன்னாலும் கேட்காதீர்கள்.

முழுசாகச் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. சில மாசத்துக்கு ஒருமுறை டியூபை மாற்ற வேண்டும். நாளங்கள் சுருங்கினால் பித்தக் குழாய் விரியும், டியூப் வேண்டியிருக்காது. அத்தனை வருஷம் நெரிபட்ட குழாய் விரியாமலே இறுகிப்போயிருந்தால் இன்னொரு ஆபரேஷன், குழாயைக் குடலோடு சேர்த்துத் தைப்பது. எது நடக்கும் என்று டாக்டருக்கும் தெரியாது, பார்க்கலாம் என்கிறார். ஆக, இப்போது ஒரு இடைவேளையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி, வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது.

அப்பாஸ், போன வாரம் நீ என்னிடம் கேட்காமல் அந்தப் படத்தை உறையோடு எடுத்துக்கொண்டு வெளியே போனாய். டீக்கடைக்குப் போயிருக்கிறாய். அங்கிருந்த அத்தனை பேருக்கும் வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டியிருக்கிறாய். “இது ஈரல், இது அடைப்பு, எங்கத்தா குடிச்சதே கெடையாது, பாத்துக்கோங்க” என்று. படத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்களாம். ஒருத்தர் தலைகீழாகப் பிடித்திருந்தாராம். என் வயிற்றுக்குள் இருப்பதை டீ கிளாசோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள் என்று கேட்டபோது எனக்குக் கூசியது. உன்னைத் திட்ட வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

“என்னலே சொன்னாங்க?”

நீ உறையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாய். “சிராஜ் அண்ணன் நல்லாத்தான் பாத்தாரு. பாத்துட்டு, என் தோள்ல தட்டி, ‘சரிடா, பழசு என்னத்துக்கு? இப்பம்தான் உங்கத்தா விட்டுட்டாருல்லா’ங்காரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட இடம் இழுக்க இழுக்கச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

“நான் சொல்லுதேன், நம்ப மாட்டேங்காங்க அத்தா. படத்தையே காட்டுதேன், அப்பவும் நம்ப மாட்டேங்காங்க.”

“அப்படித்தாம்லே இருக்கும்” என்றேன்.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். நீ மோந்து பார்த்த அந்தத் தண்ணீர் பாட்டில் ஜன்னலில்தான் இருந்தது. நீ அதைப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். இந்தப் பக்கம் நாம் இரண்டு பேர், அந்தப் பக்கம் நம்பாத டீக்கடை.

செத்த நேரம் கழித்து நீதான் கேட்டாய். “முதுகு அரிக்குதா அத்தா?”

அரிப்பு நின்று மாசக்கணக்காகிறது. அது உனக்கும் தெரியும். தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்து உன்னிடம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தேன்.